பெயிண்டின் ஆயுள் மூடியில்

மினியேச்சர் பொம்மைகளுக்கும் பிளாஸ்டிக் விமானம், டாங்கி மாடல்களுக்கும் வண்ணம் பூசத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு, எப்படிப் பூசுவது என்று சொல்லித்தர இன்று ஆள் நிறைய இருக்கிறார்கள். பூசி முடித்தபின் அந்தப் புட்டிகளை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லத்தான் ஆள் குறைவு. ஒரு புட்டியில் இருப்பது 12 மில்லி, மிஞ்சினால் 17, 18 மில்லி. கப்பல் ஏறி வருகிற சரக்கு. ஒரு பொம்மைக்குச் சில சொட்டுகளே செலவாவதால் ஒரு புட்டி வருடக்கணக்கில் வர வேண்டும். ஆனால் பல வீடுகளில் பூசித் தீர்ந்ததைவிடக் காய்ந்து குப்பைக்குப் போனதுதான் அதிகம்.

பழசாகிவிட்டது, அதனால் கெட்டுவிட்டது என்பார்கள். நம்பாதீர்கள். 1980களின் கடைசியில் வந்த சிட்டடெல் கம்பெனிப் புட்டிகளை இன்றும் திறந்து பூசுகிறவர்கள் இங்கிலாந்தில் உண்டு. போன தீபாவளிக்கு வாங்கிய புட்டி இந்தத் தீபாவளிக்குள் ரப்பராகிவிடுவதும் உண்டு. வயது காரணமில்லை. மூடி சரியாக மூடப்படவில்லை, அல்லது வெயில் பட்டிருக்கிறது. கீழே நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டின் விரிவுதான்.

1. கையில் இருப்பது எந்த வகைப் பெயிண்ட் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே மாதிரி பராமரிக்க முடியாது.

நாட்டிங்ஹாமிலிருந்து வரும் சிட்டடெல், ஸ்பெயினிலிருந்து வரும் வயெஹோ (கடைக்காரர் வல்லேஜோ என்றால் அதுவும் இதுதான்), டென்மார்க்கின் ஆர்மி பெயின்டர் இவையெல்லாம் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக். இவற்றில் மிக நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். தண்ணீர் ஆவியானதும் அவை ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். படலமானபின் குடம் தண்ணீர் ஊற்றினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

ஹம்ப்ரோலின் 14 மில்லி டின்களில் வருவது எனாமல். இது காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு இறுகும். பாதி தீர்ந்த டின்னுக்குள் தங்கியிருக்கும் காற்றே போதும், மேலே ஆடை கட்டிவிடும்.

டமியாவின் எல்பி வரிசையும் ஜப்பானின் மிஸ்டர் கலரும் லாக்கர். இதில் கரைப்பான் ஆவியாவதைத் தவிர வேறெதுவும் நடப்பதில்லை. கட்டியாகக் காய்ந்து கிடந்தாலும் அதற்குரிய தின்னரை விட்டு ஒரு நாள் வைத்தால் மறுபடி கரையும். மூன்றிலும் மன்னிக்கும் குணம் இதற்குத்தான். வாடையும் தீப்பிடிக்கும் ஆபத்தும் அதற்கான விலை.

இடையில் ஒரு குழப்பம்: டமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசைச் சிறு கண்ணாடிப் புட்டிகளில் அக்ரிலிக் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் அதன் கரைப்பான் ஆல்கஹால் சார்ந்தது. எக்ஸ்-20ஏ என்ற அதன் சொந்தத் தின்னரே அதற்குப் பொருத்தம். அந்தத் தின்னரை எடுத்து வயெஹோ புட்டியில் விட்டீர்களானால் எலுமிச்சை பிழிந்த பாலாகத் திரிந்துவிடும். பிறகு அதை மீட்க வழியில்லை. ஒரு கம்பெனி பெயிண்டில் இன்னொரு கம்பெனி தின்னரை விடுவதற்கு முன் வண்ணம் கலக்கும் பேலட்டில் ஒரு சொட்டில் சோதித்துப் பாருங்கள்.

2. மூடியைத் துடைக்காமல் மூடாதீர்கள்.

இது ஒன்றை மட்டும் கடைப்பிடித்து மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் உங்கள் பெயிண்டில் முக்கால்வாசி பிழைக்கும். சிட்டடெல் புட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கீல் வைத்த மூடி; அதன் உட்புறம் நாக்குபோல ஒரு தட்டு நீட்டிக்கொண்டிருக்கும். குலுக்கித் திறந்தால் அந்த நாக்கில் பெயிண்ட் நிற்கும், பிரஷ்ஷால் அதிலிருந்து எடுக்கலாம். வசதிதான். ஆனால் எடுக்கும்போதெல்லாம் கொஞ்சம் விளிம்பில் வழிகிறது. அடுத்த நாள் அது காய்ந்து மெல்லிய தோலாகிறது. அதன்மேல் இன்னொரு தோல். ஒரு மாதத்தில் விளிம்பில் ஒரு வளையமே உருவாகிவிடும். நீங்கள் மூடும்போது மூடி அந்த வளையத்தின்மேல்தான் உட்காருகிறது, விளிம்பின்மேல் அல்ல. பார்வைக்கு மூடியிருக்கும், தலைமுடி அளவு இடைவெளி வழியாக ஈரம் போய்க்கொண்டே இருக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். காதுகுடையும் பஞ்சுக்குச்சியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து விளிம்பை ஒரு சுற்று, மூடியின் உள்பள்ளத்தை ஒரு சுற்று. நாக்கில் தேங்கியதைப் பிரஷ்ஷால் வழித்துப் புட்டிக்குள்ளேயே விட்டுவிடுங்கள். பிறகு மூடியின் முன்பக்கத்தை அழுத்துங்கள், 'டக்' என்று கேட்க வேண்டும். ஏற்கெனவே காய்ந்த வளையம் இருந்தால் பல்குச்சியால் நெம்பி எடுங்கள். முழுசாக உரிந்து வருவதைப் பார்க்க ஒரு திருப்தி இருக்கும். துணுக்குகள் உள்ளே விழாமல் புட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொள்வது நல்லது. விழுந்த துணுக்கு கரையாது; என்றைக்காவது ஒரு வீரனின் முகத்தில் வந்து மருவாக ஒட்டும்.

மூக்கு வழியாகச் சொட்டு விடும் டிராப்பர் புட்டிகளில் பிரச்சினை வேறு இடத்தில். சொட்டு விட்டபின் புட்டியை நிமிர்த்தி, மூக்கு மேல்நோக்கி இருக்கும்போது லேசாக அமுக்கி விடுங்கள். மூக்கில் நின்ற பெயிண்ட் உள்ளே இழுபடும். நுனியைத் துடைத்து மூடுங்கள். அப்படியும் அடைத்துக்கொண்டால் பலங்கொண்டமட்டும் அமுக்காதீர்கள். மூக்கு கழன்று 17 மில்லியும் பொம்மையின் தலையில் கொட்டும். துருப்பிடிக்காத ஊசியால் அடைப்பைக் குத்தி வெளியே இழுங்கள். உள்ளே தள்ளினால் அதே துணுக்கு நாளை மறுபடி வந்து அடைக்கும்.

கண்ணாடிப் புட்டியின் திருகு மூடி இறுகிவிட்டால் பற்களால் கடிக்கிற வேலை வேண்டாம். மூடியை மட்டும் ஒரு நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் காட்டி, ரப்பர் கையுறை போட்டுத் திருகுங்கள். தீயில் காட்டவே கூடாது. திறந்ததும் திருகுப் பள்ளங்களைத் தின்னர் தொட்ட துணியால் சுத்தம் செய்யாவிட்டால் அடுத்த முறையும் இதே கதைதான்.

3. வெயில்.

லேபிளில் பனியில் உறைய விடாதீர்கள் என்று எழுதியிருக்கும். அது தயாரிக்கிற நாட்டுக் கவலை. உறைந்தால் அக்ரிலிக்கின் துகள்கள் திரண்டுவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஊட்டியில்கூட வீட்டுக்குள் அந்த அளவு குளிர் வருவதில்லை. நமக்குக் கவலை சித்திரை, வைகாசி. அக்னி நட்சத்திரத்தில் சென்னையிலும் வேலூரிலும் வெளியே 40 டிகிரி தாண்டும்போது கான்கிரீட் தளத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கும் பரணுக்குள் எப்படிக் கொதிக்கும் என்று கை வைத்துப் பாருங்கள். மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோவும் அப்படித்தான். பகலில் சூடேறி உள்ளிருக்கும் காற்று விரிகிறது, இரவில் சுருங்குகிறது. மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் புட்டி இப்படித் தினமும் ஈரத்தை வெளியே விட்டுக் காற்றை உள்ளே வாங்குகிறது. மூடி நன்றாக இருந்தாலும் மெல்லிய பிளாஸ்டிக் வழியாகவே ஈரம் மெதுவாகக் கசியும். சூடு அதை விரைவுபடுத்தும்.

ஆகவே வீட்டிலேயே குளிர்ச்சியான உள்ளறை, அதில் அலமாரியின் கீழ்த்தட்டு. சமையலறையும் பிரிட்ஜ் மேல்தட்டும் ஒத்துவராது. பிரிட்ஜுக்குள்ளும் வேண்டாம், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், சாப்பிடும் பொருள்கள் இருக்கின்றன. ஜன்னல் ஓரமாக மரத் தட்டடுக்கில் புட்டிகளை வண்ண வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. படம் எடுத்து முடித்ததும் உள்ளே தூக்கி வையுங்கள். வெளியூரிலிருந்து தருவிப்பதாக இருந்தால் மாசிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மே மாதக் கூரியர் வண்டிக்குள் பெயிண்ட் படும் பாட்டை யாரும் பார்ப்பதில்லை.

4. நன்றாகக் குலுக்குங்கள், குலுக்குவதற்கு உதவியாக உள்ளே ஒரு குண்டு போடுங்கள்.

சும்மா இருக்கும் புட்டியில் நிறமி அடியில் படியும், தெளிந்த நீர் மேலே நிற்கும். வெள்ளை இதில் மோசம். வெள்ளைக்கு நிறம் தரும் டைட்டானியம் டை ஆக்சைடு தண்ணீரைவிட நான்கு மடங்கு கனம். அடியில் போய்க் களிமண்ணாக உட்கார்ந்துவிடும். குலுக்காமல் சொட்டினால் முதலில் வருவது நிறமில்லாத பசை மட்டும். இப்படிப் பசையாகவே பாதியைச் செலவழித்தபின் மிச்சம் கெட்டியாகிவிட்டது என்று புகார் சொல்வார்கள். ஆகாமல் என்ன செய்யும்?

டிராப்பரின் மூக்கைப் பக்கவாட்டில் நெம்பிக் கழற்றி, ஒன்றிரண்டு குண்டுகளைப் போட்டுத் திரும்பப் பொருத்தலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குண்டு அல்லது கண்ணாடி மணி. சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ஸ் மலிவு என்று அதைப் போடாதீர்கள். அது தண்ணீரில் துருப்பிடிக்கும். வெள்ளை மெல்ல மெல்லச் சந்தனமாகும், நீலம் கலங்கும். சந்தேகம் இருந்தால் ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டு வையுங்கள். காலையில் செந்நிறம் தெரிந்தால் அது பெயிண்டுக்கு ஆகாது.

வார்னிஷை மட்டும் ஆவேசமாகக் குலுக்க வேண்டாம், நுரை கட்டும். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டுங்கள். மேட் வார்னிஷில் பளபளப்பைக் கொல்லும் பொடி அடியில் இருக்கும். கலங்காமல் பூசினால் மேட்டுக்குப் பதில் மினுமினுப்புதான் கிடைக்கும்.

பயன்படுத்தாத புட்டிகளையும் மாதம் ஒருமுறை எடுத்துக் குலுக்கி வைப்பது நல்லது. கிரிக்கெட் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

5. பிரஷ்ஷைப் புட்டிக்குள் விடாதீர்கள். பேலட்டில் எடுத்துத்தான் பூச வேண்டும்.

பிரஷ் நுனியை நாக்கில் வைத்துக் கூராக்குகிற பழக்கம் பலருக்கு உண்டு. சில நிறமிகளில் காட்மியம், கோபால்ட் இருக்கும் என்பதால் அந்தப் பழக்கமே தவறு. அதே எச்சில் பிரஷ் புட்டிக்குள் போனால் கிருமியும் கூடவே போகிறது. அக்ரிலிக்கில் பூஞ்சணத்தைத் தடுக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள், ஆனால் ஓரளவுக்குத்தான் அது தாங்கும். நல்ல அக்ரிலிக்கில் இலேசான அம்மோனியா வாடை இருக்கும். அழுகிய முட்டை வாடையோ புளித்த வாடையோ வந்தால் அந்தப் புட்டி முடிந்தது. பக்கத்துப் புட்டிகளில் அதே பிரஷ்ஷை விடாதீர்கள்.

தங்கம், வெள்ளி நிறங்களுக்குப் பிரஷ் கழுவத் தனி டம்ளர். அந்த மினுக்குத் துகள் ஒருமுறை தண்ணீரில் கலந்தால் அன்று பூசும் எல்லாவற்றிலும் ஜிகினா.

6. கெட்டியானதை மீட்பது பற்றி.

பெயிண்ட் கெட்டித் தயிர்ப் பதத்தில் இருந்தால் மீட்கலாம். அதே கம்பெனியின் தின்னர் அல்லது மீடியம் இருந்தால் நல்லது, இல்லையென்றால் தண்ணீர். சொட்டுச் சொட்டாக விட்டுப் பல்குச்சியால் அடிவரை கிளறி, மூடி, மறுநாள்தான் முடிவு பார்க்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் தண்ணீரை ஊற்றினால் பிடிப்புப் பசை நீர்த்துப்போய், பூசியபின் சுண்ணாம்பாக உதிரும். ரிடார்டர் என்று காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் விற்கிறார்கள். அதை அதிகம் விட்டால் பூசிய இடம் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். திரவத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் மட்டும் இருந்தால் பழைய நைலான் காலுறையில் வடிகட்டுங்கள். மொத்தமாக ரப்பராகி, குச்சியோடு எழுந்து வந்தால் விட்டுவிடுங்கள்.

புட்டிக்குள் விடும் தண்ணீர் நமது போர்வெல் தண்ணீராக இருக்க வேண்டாம். உப்பும் அழுக்கும் சேரும். பெட்ரோல் பங்க்கிலும் ஆட்டோ உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் இதற்குப் போதும். வாங்கும்போது வெறும் தண்ணீர்தான், ஆசிட் கலந்ததல்ல என்று கேட்டு வாங்குங்கள்.

லாக்கருக்கு மிஸ்டர் கலர் கம்பெனியே ரீப்ளெனிஷிங் ஏஜென்ட் என்று ஒன்று விற்கிறது. காய்ந்த புட்டியைத் திரும்ப எழுப்பவே செய்தது.

7. எனாமல் டின். நமது சைன்போர்டு ஓவியர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் விளிம்புப் பள்ளத்தைத் துணியால் வழித்து, மேலே கொஞ்சம் டர்பன்டைனைப் பரவவிட்டு, மூடியின்மேல் மரத்துண்டு வைத்து நாலா பக்கமும் தட்டி மூடுவார்கள். அப்படியும் ஆடை கட்டியிருந்தால் அதைக் கிளறிக் கலக்காதீர்கள். பிளேடால் விளிம்பு ஓரமாக அறுத்து முழுசாக எடுத்துவிட்டால் கீழே பெயிண்ட் நன்றாகவே இருக்கும். கடற்கரை ஊர்களில் டின்னின் அடி துருப்பிடிக்கும்; தரையில் வைக்காமல், காற்றுப் புகாத பிஸ்கட் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

8. ஈர ஸ்பாஞ்சின்மேல் பட்டர் பேப்பர் விரித்த வெட் பேலட் வைத்திருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கவனம். ஈர ஸ்பாஞ்சும் மூடிய டப்பாவும் பூஞ்சணத்துக்கு மாமியார் வீடு. நாலு நாளைக்கு ஒருமுறை ஸ்பாஞ்சைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வையுங்கள். பட்டர் பேப்பரை மாற்றுங்கள். ஒரு வாரம் ஊருக்குப் போவதாக இருந்தால் மிச்சப் பெயிண்டைக் காப்பாற்ற நினைக்காமல் துடைத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

9. ஸ்ப்ரே பிரைமர் கேனில் 50 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள் என்று அச்சிட்டிருப்பதைத் தயவுசெய்து நம்புங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விடவே கூடாது. அடித்து முடித்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு வரும்வரை ஒரு விநாடி அழுத்தினால் மூக்கு அடைக்காது. மழை நாளில் மேட் வார்னிஷ் அடிக்க வேண்டாம், வெள்ளை பூத்துவிடும்.

10. எண்ணை எழுதுங்கள், பெயரை நம்பாதீர்கள். சிட்டடெல் 2012இல் தன் வண்ணங்களின் பெயர்களை ஏறத்தாழ ஒட்டுமொத்தமாக மாற்றியது. கேயாஸ் பிளாக் அபடான் பிளாக் ஆனது. எண் வைக்கும் கம்பெனிகளில் எண் நிலையாக நிற்கும்: வயெஹோ மாடல் கலரில் கறுப்பு 70.950, வெள்ளை 70.951, ஹம்ப்ரோலில் மேட் கறுப்பு 33, மேட் வெள்ளை 34. மூடியின் தலையில் அந்தந்தப் பெயிண்டிலேயே ஒரு பொட்டு வையுங்கள். திறந்த மாதத்தை லேபிளில் எழுதுங்கள். இருக்கும் புட்டிகளின் பட்டியல் ஒன்று போனிலேயே இருக்கட்டும். அந்தப் பட்டியல் இல்லாதவர்கள் வீட்டில்தான் ஒரே பழுப்பு மூன்று புட்டி இருக்கும்.

11. சிட்டடெல் புட்டியிலிருந்து டிராப்பருக்கு மாற்றி ஊற்றலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் அபிப்பிராயம்: விளிம்பைத் துடைக்கப் பழகிவிட்டால் தேவையில்லை. மாற்றுவதில் புட்டியின் உட்சுவரில் ஒட்டியதும் புனலில் ஒட்டியதும் நஷ்டம். அடிக்கடி எடுக்கும் வெள்ளை, கறுப்பு இரண்டையும் வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள்.

12. ஐம்பது புட்டி செட்டை முதல் மாதத்திலேயே வாங்காதீர்கள். திறக்காத புட்டியையும் யாராவது குலுக்க வேண்டும். பத்துப் புட்டியைக் கலந்து பூசப் பழகியவருக்குப் பதினோராவது எது என்று தானே தெரியும்.

13. கெட்டுப்போன பெயிண்டைச் சிங்க்கில் கழுவி ஊற்ற வேண்டாம். பழைய செய்தித்தாளில் கொட்டி முழுக்கக் காயவிட்டுக் குப்பையில் சேருங்கள். தின்னர் கழுவலைச் சாக்கடையில் விடவே கூடாது. ஒரு கண்ணாடி ஜாடியில் சேர்த்து வைத்தால் சில நாளில் நிறமி அடியில் படியும். மேலே தெளிந்ததைப் பிரஷ் கழுவ மறுபடி பயன்படுத்தலாம்.

14. கடைசியாக, மற்ற எதைத் தள்ளினாலும் இதைத் தள்ளாதீர்கள். நமது ஹார்டுவேர் கடைகளில் டர்பன்டைனையும் தின்னரையும் சில்லறையாகக் கேட்டால் பழைய குடிதண்ணீர் பாட்டிலிலோ கலர் சோடா பாட்டிலிலோ ஊற்றித் தருவார்கள். பார்க்கத் தண்ணீர்போலவே இருக்கும். வீட்டுக்கு வந்தால் மேசைமேல் நிற்கும். வெயிலில் விளையாடிவிட்டு வருகிற பிள்ளைக்கு அது தண்ணீர்தான். கம்பெனி சீலோடு வரும் டின்னாக வாங்குங்கள். சில்லறையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வேறு டப்பாவை நீங்களே கொண்டுபோங்கள். அதில் பெரிய எழுத்தில் 'தின்னர், விஷம்' என்று எழுதி, அடுப்பிலிருந்து தள்ளி, பிள்ளைகள் கைக்கு எட்டாத பூட்டிய அலமாரியில் வையுங்கள். இப்போது உங்கள் வீட்டில் தண்ணீர் பாட்டிலில் தின்னர் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அதை மாற்றுங்கள்.